புழுவை முதலில் காட்டுபவர்

அக்காவிடம் கத்தரிக்காய் கேட்டால் முதலில் புழுவைத்தான் காட்டுவார். கூடைக்குள் கைவிட்டு, பளபளவென்று இருப்பதையெல்லாம் ஒதுக்கி, ஓட்டை விழுந்த ஒன்றைத் தேடி எடுத்து, நகத்தால் கீறிப் பிளந்து, உள்ளே நெளிகிற ஜீவனை நமக்கு அறிமுகம் செய்துவைப்பார். "இதுவும் இருக்கும். பாத்து அரிஞ்சிக்க. இஷ்டம்னா எடு." தாம்பரம் மார்க்கெட்டில் இப்படி வியாபாரம் செய்தால் மாலைக்குள் கடையை மூட்டை கட்டவேண்டியதுதான். நல்லவேளை, அக்காவுக்கு வியாபாரம் தொழில் அல்ல. பிறகு என்னதான் தொழில் என்று கேட்டால், உலகத்துப் பொருள்களின் குறைகளை உரியவர்களிடம் முன்கூட்டியே ஒப்படைப்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் அவரை முதலில் பார்த்தது சேலையூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில். எங்கள் செயலாளருக்குத் தரையில் ஓர் இலை கிடந்தால் இரத்தக்கொதிப்பு வரும். வாதாமரம் உதிர்க்க உதிர்க்கப் பெருக்கி, கோணியில் அடைத்து, கோணிகள் குவிந்ததும் எரித்து, புகையை எல்லா வீட்டுக்கும் சமமாகப் பங்கிடுவார். ஒருநாள் பழைய ஸ்கூட்டரில் வந்து இறங்கிய ஓர் அம்மாள், நரைத்த கொண்டையும் ஆண்பிள்ளைச் சட்டையுமாக, அந்தக் கோணிகளைக் கேட்டார்.

"எதுக்கும்மா?" என்றார் செயலாளர்.

"நெலத்துக்குப் போத்தி வுட. ஆனா ஒண்ணு சார். இத்த ரொம்ப நாளா இங்க வெச்சிக்கினு கீறீங்க. தூக்கச்சொல்ல தேளு ஓடும். கொழந்தைங்கள உள்ள போகச் சொல்லுங்க."

குழந்தைகளுக்கு முன்னால் செயலாளர் உள்ளே போனார். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாரப்பத்திரிகைக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுத உட்கார்ந்தவனுக்கு எழுதாமல் இருக்க ஒரு கௌரவமான காரணம் தேவைப்பட்டது. இறங்கிப் போய் மூட்டைக்கு ஒரு கை கொடுத்தேன். வெளியே வந்தது ஒரே ஒரு பூரான். "தேளுன்னு சொன்னேன், மன்னிச்சிக்க தம்பி" என்று அதற்காக வருத்தம் தெரிவித்தார். அன்றைக்கு அவர் பின்னால் போனவன்தான்.

அரசு ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய தத்துவம் முழுவதும் அந்த வார்டில் உருவானது. "வலிக்காதுன்னு சொல்லி ஊசி குத்துனேன்னு வெச்சிக்க, அடுத்த வாட்டி அந்தப் புள்ள கைய நீட்டுமா? வலிக்கும்னு சொல்லிட்டுக் குத்து. 'அட, இவ்ளோதானா'ன்னுவான்." இந்த 'இவ்ளோதானா'வைக் கேட்பதற்காகவே பிறந்தவர் மாதிரி இருப்பார். நோயாளிகள் அவரைப் பார்த்து நடுங்கினார்கள் என்றும், வேறு யார் கையாலும் ஊசி போட்டுக்கொள்ள மறுத்தார்கள் என்றும் சொல்வார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கும்.

ஆனால் பழக்கம் அதற்கும் முந்தியது. இதை எனக்குச் சொன்னவர் அவருடைய தம்பி. சிறுவயதில் கோயில் படிக்கட்டில் விழுந்து தம்பிக்குத் தாடை பிளந்துவிட்டது. கம்பவுண்டர் ஊசியும் நூலுமாக வர, சுற்றி நின்ற பெரியவர்கள் எல்லாரும் "ஒண்ணும் வலிக்காதுடா கண்ணு" என்று கோரஸ் பாடியிருக்கிறார்கள். அப்போது பாவாடை தாவணியில் இருந்த அக்கா மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "வலிக்கும்டா. ரொம்ப வலிக்கும். இந்தா, என் கைய கடிச்சிக்க" என்று மணிக்கட்டை நீட்டினாராம். தம்பி கடித்தார். கம்பவுண்டர் போட்ட தையலின் தழும்பு தம்பியின் தாடையில் இருக்கிறது. தம்பி போட்ட தழும்பு அக்காவின் இடது மணிக்கட்டில், பாதி நிலா மாதிரி இருக்கிறது. "பாத்தியா சார், டாக்டருக்கே டவுட்டு வந்துச்சாம், நாய்க்கடியான்னு" என்று தம்பி பெருமையாகச் சொல்வார்.

இந்தத் தம்பியைப் பற்றி இரண்டு வரி சொல்லவேண்டும். இந்தப் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பங்களில் பலருக்கு நடந்ததுதான் அவருக்கும் நடந்தது. வயலில் நெல் நின்றுபோன பிறகு கல் முளைத்தது. மேடவாக்கத்திலிருந்து மாம்பாக்கம் வரை எந்த மனை யாருடையது, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார், வெள்ளையாக ஒரு சிரிப்பு. சித்திரை வெயிலில் கொடி கட்டி, ஷாமியானா போட்டு, வேன் வைத்து ஆட்களைக் கூட்டிவந்து, பிரியாணி போட்டு மனை காட்டுவார். இந்த ஊரில் மனை காட்டுவதென்றால் கோடையில்தான் காட்டுவார்கள். அப்போதுதான் ஏரி எங்கே முடிகிறது, மனை எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்லமுடியாது. ஏரிக்கே தெரியாது.

அப்படிப்பட்டவருக்கு இப்படி ஓர் அக்கா.

தம்பி மகளின் கல்யாணக் கதை இந்தக் குடும்பத்தில் இன்னும் சூடாக இருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்களுக்கு அக்கா காபி கொடுத்துவிட்டு, "பொண்ணு தங்கம். ஆனா காலையில எட்டு மணி வரைக்கும் யாரும் பேச்சு குடுக்கக் கூடாது. கொதறிடுவா" என்றார். வந்தவர்கள் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். தம்பி ஒரு மாதம் அக்காவோடு பேசவில்லை. அடுத்து வந்த குடும்பத்திடமும் அக்கா அதையே சொன்னார். அந்தப் பையன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்து, "எனக்கு ஒன்பது மணி ஆகும் ஆன்ட்டி" என்றான். முகூர்த்தம் குறித்தார்கள். இப்போது முழங்கால் முற்றிலும் மக்கர் செய்த பிறகு அக்கா இருப்பது ஓசூரில் அந்தப் பெண்ணின் வீட்டில்தான். ஒன்பது மணிக்கு முன்னால் அங்கே போன் செய்தால் யாரும் எடுப்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சித்தாலப்பாக்கத்துக்கும் பொன்மாருக்கும் நடுவில், ஏரிக்குக் கீழே, அப்பா விட்டுப்போன நிலம். பாதி அக்காவுக்கு, பாதி தம்பிக்கு. தம்பி தன் பாதியைக் கொஞ்ச காலம் லாரிக்காரர்களுக்கு விட்டிருந்தார். சென்னையில் எந்தப் பழைய வீட்டை இடித்தாலும் அதன் குளியலறை அங்கே வந்து சேர்ந்தது. கைப்பிடி மண் எடுத்தால் அதில் பாதி டைல்ஸ். அக்காவின் பாதியோ வேறு கதை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அங்கே உழுவதில்லை, மருந்தடிப்பதில்லை, மண் வெயிலைப் பார்க்க விடுவதில்லை. ஊர்ச் சருகையெல்லாம் கொண்டுவந்து மூடாக்கு போட்டு, அவரையும் வெண்டையும் பூசணியும் முருங்கையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கிடக்க விட்டிருந்தார். படித்தவர்கள் இதற்கு 'ரீஜெனரேட்டிவ் ஃபார்மிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னபோது, "பேரு வெச்சிட்டாங்களா? சந்தோசம்" என்றார். அவர் இதை ஒரு சிகிச்சையாகவே பார்த்தார். "மண்ணு சீரியஸா கெடந்துச்சு தம்பி. ட்ரிப்ஸ் ஏத்துற மாதிரிதான். சொட்டு சொட்டா. அவசரப்பட்டா கேஸு பூடும்."

அவசரம் தம்பிக்கு வந்தது. தன் பாதியை விற்கப்போவதாகச் சொன்னார். வாங்குகிறவன் சும்மா இருக்கமாட்டான். மண்ணடித்து மேடாக்கி, சுற்றுச்சுவர் எழுப்புவான். ஏரி நிரம்பி வரும் தண்ணீருக்குப் போக வழி இருக்காது. "அவன் பாதி மேடானா என் பாதி கொளம். மீனு வளக்கலாம், வேற ஒண்ணும் முடியாது" என்றார் அக்கா. வளர்த்த மண் அத்தனையும் தண்ணீருக்குள் போகும். அக்கா போய்க் கேட்டதில் தம்பி ஒரு வழி சொன்னார். "நீ சொல்ற மாதிரி வெவசாயம் பண்ண நாலு குடும்பத்தக் கொண்டா. நாலும் சேந்து எனக்குக் குத்தகை குடுக்கட்டும். தை வரைக்கும் டைம். நாலுன்னா நாலுக்கா, மூணேமுக்கால் இல்ல."

பங்காளிகளைத் தேடும் படலம் இப்படித் தொடங்கியது. விளம்பரம் எழுதும் பொறுப்பு எனக்கு. நிலத்தைத் துண்டு போடுவதில்லை, வேலையைத்தான் பிரித்துக்கொள்வது, விளைவதைப் பகிர்ந்துகொள்வது என்பதுதான் ஏற்பாடு. நான் என் திறமை அனைத்தையும் கொட்டி, 'மண்வாசம் உங்களை அழைக்கிறது' என்று ஆரம்பித்து, பனித்துளி, குருவிச் சத்தம் எல்லாம் போட்டு எழுதிக் கொடுத்தேன். அக்கா கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு படித்தார்.

"பாம்பு எங்க?"

"எந்தப் பாம்பு?"

"சாரைப் பாம்பு. நல்லதும் ஒண்ணு கீது. எழுதல நீ."

முடிவில் வாட்ஸப் குழுக்களில் போனது இதுதான்: 'விவசாயத்துக்குப் பங்காளிகள் தேவை. நிலத்தில் பாம்பு உண்டு. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். பாதி நிலம் கட்டட இடிபாடு. முதல் இரண்டு வருஷம் ஒன்றும் விளையாது. நிலக்காரரின் தம்பி எப்போது மனசு மாறுவார் என்று தெரியாது. நிலக்காரர் கத்துவார்.' என் பங்களிப்பாக எஞ்சியது முதல் வரி மட்டும். அதிலும் 'விவசாயத்துக்கு' என்ற சொல் அவருடையது.

ஆச்சரியமாக, ஆட்கள் வந்தார்கள். விளம்பரத்தை நகைச்சுவை என்று நினைத்துச் சிலர் வந்தார்கள். என் எழுத்துக்குக் கிடைக்காத மரியாதை. கோவிலம்பாக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆடிட்டர் ஒருவர் அளவு நாடாவோடு வந்து, "கார்னர் பீஸ் எனக்கு வேணும். கிழக்குப் பாத்தது" என்றார். பெரிய தொப்பி போட்ட ஓர் இளம் கணவன் மனைவி வைஃபை வருமா என்று கேட்டார்கள். பெரும்பாக்கம் குடியிருப்பின் எட்டாவது மாடியிலிருந்து ஓர் அம்மா, இரண்டு பஸ் மாறி வந்து, முதல் கேள்வியாக, "ஆடு கட்டலாமா?" என்றார். ஆற்றோரத்து வீட்டை அரசாங்கம் இடித்து அவர்களை அங்கே கொண்டுபோய் வைத்தபோது ஆட்டையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். "லிப்ட்டுல ஏத்துனா கீழ்வூட்டுக்காரி சண்டைக்கு வராக்கா. ஆடு இன்னா பண்ணுச்சு? பட்டன் கூட அமுக்கல."

அக்கா எல்லாரையும் பம்புசெட் அறைக்குக் கூட்டிக்கொண்டு போவார். வெளிச்சுவரில் மார் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு இருக்கும். பெருவெள்ளம் வந்த வருஷம் தண்ணீர் நின்ற அடையாளம். "இது வரைக்கும் வந்துச்சு. மறுபடி வரும். இப்ப சொல்லிட்டேன்." அப்புறம் பாம்புப் புற்று, அப்புறம் டைல்ஸ் மேடு, அப்புறம் "நான் வாயத் தொறந்தா அசிங்கமா திட்டுவேன்" என்ற தன் விவரக் குறிப்பு. கடைசியில், "இப்ப முடிவு சொல்லாத. ஐப்பசி மழையில வந்து பாரு. அப்பால சொல்லு" என்பார். பெண்ணைப் பார்க்க வந்தவர்களிடம், ஜுரத்தில் கிடக்கும்போது வந்து பாருங்கள் என்பது மாதிரி.

ஒரே ஒருவருக்கு மட்டும் எந்த வரவேற்பும் நடக்கவில்லை. பெரிய காரில் வந்த அந்த மனிதர் நீச்சல் குளம், மர வீடு, வார இறுதி விருந்தினர் என்று கையை வீசி வீசித் திட்டம் போட்டார். அக்கா மலர்ந்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். "நல்ல யோசனை சார். ரொம்ப நல்ல மனுசரு. பாத்துப் போய்ட்டு வாங்க." புற்று இல்லை, கோடு இல்லை, ஒன்றும் இல்லை. கார் போனதும் கேட்டேன்.

"என்னக்கா, இவருக்குப் பம்பு ரூமைக் காட்டலையே?"

"ஊசி போட்டுக்கப் போறவனுக்குத்தான் தம்பி வலிக்கும்னு சொல்லணும். வழியில போறவன்கிட்ட எதுக்கு?"

அன்றைக்கு வீடு திரும்பும்போது அகரம்தென் சாலையில் என் வண்டி தானாக வேகம் குறைந்தது. இத்தனை மாதமாக அக்கா என்னை வருகிறவர்களிடம் எப்படி அறிமுகம் செய்கிறார் என்று யோசித்துப் பார்த்தேன். "சார் ரொம்ப நல்லவரு. படிச்சவரு. நல்லா எழுதுவாரு." ஒவ்வொரு முறையும் நான் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு அடக்கமாகச் சிரித்திருக்கிறேன். வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல், "உங்களை ஒருத்தர் நல்லவர்னு சொன்னப்பவே எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள்.

பங்காளியாகச் சேர எனக்கு ஆசை இருந்ததா என்று அதுவரை நான் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. சேர்க்கமாட்டார்கள் என்று தெரிந்தபின் தாங்கமுடியாத ஆசை வந்துவிட்டது. ஆனால் வாயைத் திறந்து கேட்க வெட்கம். கட்டுரையாளனாக நிலத்துக்குப் போய், சருகுமேல் உட்கார்ந்து, யாராவது குறை சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தேன்.

ஐப்பசி வந்தது. மழையும் சொன்ன சொல் தவறாமல் வந்தது. அடாத மழை விட்ட மறுநாள் காலையில் அக்கா எல்லாருக்கும் தகவல் அனுப்பச் சொன்னார்: 'தண்ணீர் நிற்கிறது. வரவும்.' இப்படி ஓர் அழைப்பிதழை நான் அதற்கு முன்னும் பின்னும் அடித்ததில்லை. நான் போனபோது என் வண்டி பாதி வழியில் நீரில் நின்று உயிரை விட, மிச்சத்தை நடந்தேன். வரப்பின்மேல் குடையோடு அக்கா. யாரும் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பந்தயம் கட்டியிருந்தால் தோற்றிருப்பேன்.

முதலில் வந்தவர் ஆடிட்டர். பேண்ட்டைத் தொடை வரை சுருட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கொக்கு மாதிரி ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தார். தொப்பித் தம்பதி தொப்பி இல்லாமல் வந்தார்கள். கடைசியில் பெரும்பாக்கத்து அம்மா, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "அய்ய, இதுக்கா இவ்ளோ பில்டப்பு?" என்றபடியே தண்ணீருக்குள் இறங்கினார்.

"பயமா இல்லியா?" என்றார் அக்கா.

"பயம் இன்னாக்கா. எங்க வூட்டுக்குள்ள தண்ணி வந்தப்போ முன்னாடி ஒர்த்தன் வந்து சொன்னானா? நீ வெயில் காலத்துலயே சொல்லிட்ட. நீ ஒர்த்திதான் சொன்ன."

அக்கா குடையை அந்த அம்மா பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

ஆடிட்டர்தான் கவனித்தார். தம்பியின் பாதியில் தண்ணீர் கலங்கிப்போய் அசையாமல் நின்றது. அக்காவின் பாதியில் பூசணிக் கொடிக்கு நடுவே ஈரம் மட்டும் மினுமினுத்தது. நேற்றைய தண்ணீரைச் சருகும் மண்ணுமாகக் குடித்துவிட்டிருந்தன. "மேடம், ரெண்டு பக்கமும் ஒரே மட்டம்தானே? உங்க பக்கம் மட்டும் எப்படி வடிஞ்சிருக்கு?" என்று வியந்தார்.

"அது கெடக்கட்டும் சார். இங்க வாங்க, அட்டை காட்டறேன்" என்றார் அக்கா. தன்னுடைய ஒரே சாதனையை விளக்க வேண்டிய இடத்தில், ஆடிட்டரின் கெண்டைக்காலில் ஏறிய அட்டையை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஆடிட்டர் அட்டையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "இவ்ளோதானா?" என்றார். அக்காவின் முகம் வார்டு காலத்துக்குத் திரும்பிப் போனதை நான் பார்த்தேன்.

மூன்று குடும்பம் ஆயிற்று. ஆடு ஒருவருக்கு, காய்கறி தம்பதிக்கு, மரங்கள் ஆடிட்டருக்கு. ஆனால் ஆடிட்டர் ஒரே நாளில் மாறிவிடுவாரா? கிழக்கு மூலையில் நான்கு கற்களை நட்டு, சுண்ணாம்படித்து, தன் பெயரின் முதல் எழுத்தை நீலத்தில் எழுதி வைத்துவிட்டார். வாழ்நாள் முழுக்க இந்த ஊரில் மனை பார்த்தவருக்குக் கல் இல்லாமல் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அக்கா வந்து பார்த்தார். "கல்லு அழகா கீது சார். நல்ல வேலைப்பாடு" என்றார். ஆடிட்டர் பூரித்துப்போனார். நான் அவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், "சார், அவங்க பாராட்டிட்டாங்க. சீக்கிரம் புடுங்கிடுங்க" என்றேன். விளக்கியதும் ஓடிப்போய்ப் பிடுங்கினார். அந்தக் கற்களின்மேல்தான் இன்றைக்கு ஆட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது.

தை வந்து போனது. நான்காவது குடும்பம் வரவில்லை. வந்த ஒவ்வொருவரையும் அக்கா சுவரண்டை கூட்டிக்கொண்டு போய்த் துரத்திக்கொண்டிருந்தார். கோட்டுக்கு மேல் ஒரு கை சுண்ணாம்பு அடிக்கலாமே என்று நான் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். பார்த்த பார்வையில் எனக்கு ஜுரம் கண்டது.

மாசியில் தம்பி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கார் சாவி. அக்கா வரப்பில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"யக்கா, மூணுன்னா மூணுதான். நான் நாலு கேட்டேன். நாளைக்குப் பார்ட்டி வராங்கோ. துபாய்ல இருந்து வந்தவரு. சொந்தமா வூடு கட்டப் போறாரு. நல்ல வெலை. உன் கால்ல வேணா வுழறேன், நாளைக்கு ஒரு நாள் வாயத் தொறக்காத."

"சரி."

"இன்னா சரி? சத்தியம் பண்ணு."

"வாயே தொறக்க மாட்டேன்டா. போ."

மறுநாள் நாங்கள் எல்லாரும் அங்கே இருந்தோம். சாவு வீட்டுக்கு முன்கூட்டியே வந்தவர்கள் மாதிரி. ஆட்டுக்கார அம்மா ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆடு போனால் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும்: எட்டாவது மாடிக்கு இல்லை, சந்தைக்கு. மண் காய்ந்து, வானம் துடைத்து வைத்த மாதிரி, தம்பியின் பாதி தட்டையாக, சாதுவாகக் கிடந்தது. மனை காட்ட அதைவிட நல்ல நாள் கிடையாது.

துபாய்க்காரர் நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையே. ஆட்டைத் தடவிக்கொடுத்தார். அக்காவுக்கு வணக்கம் சொன்னார். அக்கா சொன்ன சொல் மாறாமல் வாயை இறுக்கிக்கொண்டு எல்லாருக்கும் டம்ளரில் டீ கொடுத்தார். பம்பு அறை வாசலில் அக்கா உட்கார்ந்திருக்க, தலைக்கு மேலே சுவரில் அந்தக் கோடு. தம்பி அதை மறைத்துக்கொண்டு நின்றார். சட்டை பாழாகுமே என்ற கவலைகூட இல்லாமல் சாய்ந்தே நின்றார்.

"இடம் புடிச்சிருக்குண்ணா" என்றார் துபாய்க்காரர். "அம்மாவைக் கீழ்வீட்டுல வெச்சுக்கலாம்னு இருக்கேன். அவங்களால படி ஏற முடியாது, சக்கர நாற்காலிதான். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மழைக்கு இங்க தண்ணி வராதுல்ல?"

ஆடுகூட மெல்லுவதை நிறுத்தியது மாதிரி எனக்குத் தோன்றியது. தம்பியின் வாயில் பதில் தயாராக இருந்தது. எத்தனையோ ஷாமியானாக்களில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில். அதைச் சொல்ல வாயைத் திறந்து, எதற்கோ ஒருமுறை அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா ஒன்றும் செய்யவில்லை. முறைக்கவில்லை, கண்ணைக் காட்டவில்லை. டம்ளர் சூடாக இருந்ததோ என்னவோ, வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். மணிக்கட்டில் அந்தப் பாதி நிலா.

தம்பி தாடையைச் சொறிந்துகொண்டார்.

"வரும் சார்" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. "நல்லா வரும். தோ, இங்க பாருங்க" என்று சுவரைவிட்டு விலகி நின்றார். முதுகில் சுண்ணாம்பு. "இது வரைக்கும் வந்துச்சு. உங்க அம்மாவ இங்க வெச்சிக்கினு… வாணாம் சார். வாணாம். அவங்கள தூக்கிக்கினு எங்க ஓடுவீங்க?"

துபாய்க்காரர் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தம்பியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கி, மேடான இடம் ஏதாவது இருந்தால் நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், உங்களிடம்தான் வாங்குவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பிக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கார் திருப்பத்தில் மறைந்ததும் வெடித்தார்.

"பேஜாரா பூட்ச்சி! பாத்தியா சார்? ஒரு வார்த்தை பேசல. வாயே தொறக்கல. அப்பவும் கெடுத்துட்டா! இவகூடப் பொறந்து நான் எப்டி சார் பொழைக்கறது?"

ஆட்டுக்கார அம்மா சிரித்தேவிட்டார். தம்பி அவரை முறைத்து, ஆட்டை முறைத்து, சட்டை முதுகைத் தட்டிக்கொண்டே பம்பு அறைப் படியில் அக்கா பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். அக்கா தன் டீயை அவரிடம் கொடுத்தார். பாதியைக் குடித்த பிறகு சொன்னார்:

"ஆனா நாலுன்னா நாலுதான். அதுல மாத்தமில்ல. நாலாவது ஆளு எங்க?" சுற்றிப் பார்த்தவரின் கண் என்மேல் நின்றது. "இந்த சாரு தெனம் இங்கதான் குந்திக்கினு கீறாரு. இவரு இன்னா ஆளு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ரொம்ப நல்லவரு, படிச்சவரு, பாத்துப் போய்ட்டு வாங்க.

அன்றைக்கு முதல்முறையாக அக்கா வாயைத் திறந்தார்.

"இவனா? மகா சோம்பேறி. மம்முட்டி புடிக்கத் தெரியாது. குனிஞ்சா முதுகு புடிச்சிக்கும், நிமிர்ந்தா பேச ஆரம்பிச்சிடுவான். பூரானப் பாத்தா குதிப்பான். ஒரு வேலை சொன்னா அத்தப் பத்தி எழுதுவான், செய்ய மாட்டான்."

என் காது இரண்டும் சூடாகிவிட்டன. வாழ்நாளில் என் எழுத்துக்கு வந்த எந்தப் பாராட்டுக்கும் எனக்கு அப்படி ஆனதில்லை.

தம்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவ்ளோதானா?"

"இன்னும் கீது" என்றார் அக்கா. நான் போய் அந்தப் படியில் அவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டேன்.